கட்டுச்சோறு தீர்ந்த பிறகு

எங்கள் சுருளிப்பட்டிக்கு ரயில் கிடையாது. பஸ் ஏறிக் கம்பத்துக்குப் போய், அங்கிருந்து தேனிக்கோ போடிக்கோ இன்னொரு பஸ் பிடித்த பிறகே தண்டவாளத்தைக் கண்ணால் காண முடியும். 1928-ல் திறக்கப்பட்ட மதுரை–போடி பாதையும், அகலப்பாதைப் பணிக்கென்று 2010-ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டு, 2022-ல் தேனி வரையிலும் 2023 ஜூன் மாதத்தில் போடி வரையிலும் திரும்ப வந்து சேர்வதற்குள், எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ரயிலின் கூவலைக் கேளாமலே வளர்ந்துவிட்டார்கள். ஆகையால், திராட்சைப் பந்தலையும் கொடிக்காலையும் விட்டு எளிதில் நகராத எங்கள் ஊரார்க்கு நெடுந்தூர ரயில் பிரயாணம் என்பது பல காலம் எண்ணித் துணிந்து செய்கிற பெரிய காரியம். அந்தக் காரியத்தின் முதல் சடங்கு கட்டுச்சோறு கட்டுவது.

நல்லெண்ணெய் மிதக்கக் காய்ச்சிய புளிக்காய்ச்சலில் கிளறிய சோறு, இருபுறமும் மிளகாய்ப்பொடி தடவி வாழையிலையில் பொதிந்த இட்லி, வறுத்த மோர்மிளகாய், இஞ்சித் தொகையல் ஆகியவற்றைத் தூக்குவாளிகளில் அடைத்து, வாயை வெள்ளைத் துணியால் இறுகக் கட்டினால்தான் எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பயணம் உறுதியானதாக மனம் நிறையும். பண்டைத் தமிழில் இதற்கு ஆற்றுணா என்று அழகிய பெயர் ஒன்று உண்டு; ஆறு என்றால் வழி. வடமொழியாளர் பாதேயம் என்றனர். சொல்லிக்கொடுத்த புத்தியும் கட்டிக்கொடுத்த சோறும் எத்தனை நாளைக்கு என்று நம் முன்னோர் கேட்டு வைத்திருக்கும் கேள்வியைப் பிள்ளைகளைத் திருத்துவதற்காக மட்டுமே நாம் எடுத்தாள்கிறோம். கட்டுச்சோறு மெய்யாகவே தீர்ந்துபோகிற இடத்தில், பெயரோ மொழியோ ஊரோ தெரியாத ஒருவன், ஓடுகிற வண்டியில், நாம் பார்க்காத அடுப்பில் சமைத்த சோற்றை உண்ணலாமா, உண்டால் அது நம் உள்ளத்தில் எதைக் கொண்டு சேர்க்கும் என்பது, ஆகாரத்தைத் தர்மத்தோடு பிணைத்து வைத்திருக்கும் நம் சமயத்தில் மிகப் பழைய விசாரம். பேன்ட்ரி கார் என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சமையல் பெட்டியை நான் முதன்முதலில் கண்ட நாளிலிருந்து இந்த விசாரம் என்னை விட்டு அகலவில்லை.

ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்கு முன், என் தகப்பனார் காலமான மறு ஆண்டில், ஆடி அமாவாசைக்குச் சுருளித் தீர்த்தத்தில் எள்ளும் நீரும் இறைத்து முடித்த கையோடு, காசிக்கும் போய்ப் பிண்டம் போட்டுவிட வேண்டும் என்று என் தாயார் ஒரே பிடியாக நின்றார். யாத்திரை முடியும் வரை வீட்டுச் சமையலைத் தவிர வேறொன்றும் தொடுவதில்லை என்பது அவருடைய சங்கற்பம். கட்டுச்சோற்று மூட்டைகளோடு, மேகமலைக் காட்டிலிருந்து இறங்கிவரும் அந்தச் சுருளி நீரையே திருகுமூடி போட்ட ஒரு பித்தளைக் கூஜாவில் நிரப்பிக்கொண்டார். போடி வண்டியில் மதுரை, அங்கிருந்து ஓர் இரவு சென்னை, சென்ட்ரலில் காசி வண்டி என்று மாறி மாறிச் சென்று, மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் நாகபுரியைத் தாண்டும்போது தூக்குவாளியைத் திறந்தால், மீந்திருந்த புளியோதரை நூல் விட்டு நாற்றம் எடுத்திருந்தது. காலையிலும் அவர் சரியாக உண்டிருக்கவில்லை. கண் இருட்டுகிறது என்றார். பேன்ட்ரி ஊழியன் ஒருவன் தோள் உயரத்துக்குத் தட்டுகளை அடுக்கிச் சுமந்தபடி எங்கள் பெட்டியைக் கடந்துகொண்டிருந்தான். நான் தயங்கித் தாயாரின் முகத்தைப் பார்த்தேன்.

“சோறு இல்லைன்னா உசுரு நிக்காது, வாங்குப்பா. தண்ணி நம்மகிட்ட இருக்குல்ல” என்றார் அவர்.

குழி குழியாகப் பகுத்த எவர்சில்வர் தட்டில் பெரிய அரிசிச் சோறும் நீர்த்த பருப்பும் உருளைக்கிழங்குக் கறியும் இரண்டு சப்பாத்தியும் இருந்தன. பாதியை உண்டுவிட்டு, கூஜாவைத் திறந்து சுருளி நீரை அண்ணாந்து குடித்தார். அன்று அது எனக்கு ஒரு வயோதிகத் தாயின் சமாதானமாக மட்டுமே பட்டது. சாந்தோக்கிய உபநிஷத்தில் உஷஸ்தி சாக்ராயணர் கதையைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோதுதான், வேதாந்தம் ஓதாத என் தாயார் எந்த இடத்தில் நின்று பேசினார் என்பது விளங்கிற்று.

குரு நாட்டில் பயிர்கள் அழிந்து பஞ்சம் உண்டான காலத்தில், ஏழ்மையுற்ற உஷஸ்தி, யானைக்காரன் ஒருவன் உண்டுகொண்டிருந்த வெந்த பயறை யாசித்தார். தான் எச்சில் செய்ததைத் தவிர வேறு இல்லை என்று அவன் சொன்ன பிறகும் அதையே கேட்டு வாங்கி உண்டார். அவன் தண்ணீரையும் நீட்டியபோது, அது எச்சில் நீர் என்று மறுத்துவிட்டார். பயறு மட்டும் எச்சில் இல்லையா என்று அவன் வியந்து கேட்க, அதை உண்ணாவிடில் தாம் பிழைத்திருக்க முடியாது என்றும், நீரோ விரும்பிய இடத்தில் கிடைக்கும் என்றும் விடை கூறினார். உயிர் போகும் தறுவாயில் மட்டுமே எல்லா அன்னமும் அனுமதிக்கப்படும் என்று பிரம்ம சூத்திரம் மூன்றாம் அத்தியாயத்தின் நான்காம் பாதத்தில் இந்த வரலாற்றை ஆதாரமாகக் கொண்டே வரம்பு கட்டுகிறது. அந்தப் பயறில் மிச்சம் வைத்திருந்ததை மறுநாள் காலையில் உண்டு தெம்பு பெற்று, அரசனுடைய வேள்விச்சாலைக்குச் சென்ற உஷஸ்தி, அங்கே ஓதுவோரிடம் அவர்கள் ஓதும் துதிக்கு உரிய தேவதையை அறியாமல் ஓதலாகாது என்று எச்சரித்து, அந்தத் தேவதை பிராணன் என்றும் ஆதித்தன் என்றும் முடிவில் அன்னம் என்றும் தாமே அறிவிக்கிறார். பிறர் எச்சிலை உண்டு உயிர் தரித்தவர் வாயிலிருந்தே அன்னம் தேவதை என்ற உபதேசம் பிறக்கும்படி உபநிஷத்து அமைத்திருப்பதை நான் தற்செயல் என்று கருதுவதில்லை.

ஆயினும் உஷஸ்தியின் விதி ஆபத்துக்கால விதி. இரண்டு இரவுகள் ஓடும் ஒரு விரைவு வண்டியில் உண்பதை ஆபத்து என்று சொல்லிக்கொண்டே எத்தனை காலம் தப்பித்துக்கொள்வது? அதே உபநிஷத்தின் ஏழாம் அத்தியாயம் ஆகாரம் சுத்தமானால் உள்ளம் சுத்தமாகும் என்ற கருத்தை வகுக்கிறது. ஆசாரியர்கள் இதற்குப் பொருள் கொண்ட விதம் ஒன்றுக்கொன்று வேறு. சங்கரர் ஆகாரம் என்பதற்குப் புலன்களால் உள்ளே கொண்டுவரப்படும் யாவும் என்று விரிந்த பொருள் கொண்டு, விருப்பு வெறுப்பு மயக்கம் இன்றி அவற்றை ஏற்பதே சுத்தி என்றார். இராமாநுஜரின் மரபினர் உண்ணும் உணவையே குறித்து, அதில் மூன்று தோஷங்களைச் சொன்னார்கள்: பொருளின் இயல்பினால் வருவது ஜாதி தோஷம், அன்னம் யாரிடமிருந்து வருகிறதோ அவரால் வருவது ஆசிரய தோஷம், மயிர், புழுதி போன்றவை விழுவதால் வருவது நிமித்த தோஷம்.

இம்மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு இன்றைய பேன்ட்ரி காருக்குள் நுழைந்து பாருங்கள். சைவம், அசைவம் என்று பிரித்து விற்கிற ஏற்பாடு முதல் தோஷத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறது. கையுறையும் தலைத்தொப்பியும் மூடிய பெட்டியும் சுகாதாரச் சோதனையும் மூன்றாவதைத் தடுக்க வந்தவை. முழுவதும் தடுத்துவிட்டன என்று எந்தப் பிரயாணியும் சொல்லமாட்டார், எனினும் வழி தெரிந்த பிணி அது. நடுவில் உள்ள ஆசிரய தோஷத்தைத்தான் நாம் நூற்றாண்டுகளாகத் தவறாகப் பிடித்துக்கொண்டு அல்லலுற்றோம். கொடுப்பவனுடைய பிறப்பை விசாரிப்பதற்கே அந்தச் சொல்லைச் செலவிட்டோம். பழைய உரைகளிலேயே அதற்கு இடம் இருந்தது என்பதையும் மறைக்க நான் விரும்பவில்லை. 1897-ல் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகாநந்தர் மானாமதுரையில் பேசியபோது, நம் சமயம் சமையலறைக்குள் போய் முடங்கிவிடும் அபாயத்தைத்தான் மிக்க மனக்கொதிப்போடு எடுத்துக் காட்டினார்.

அந்த முடக்கம் ரயிலடியில் எப்படி நிலவியது என்பதை இளைஞர்கள் அறியமாட்டார்கள். 1856-ல் இராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் வண்டி புறப்பட்ட நாளில் ஓடும் வண்டியில் சமைப்பது என்பதே இல்லை. பெட்டிக்குப் பெட்டி போக வழியும் இல்லை. வண்டி நிற்கும் ஸ்டேஷன்களில் இறங்கி உண்டுவிட்டு ஓடிவந்து ஏற வேண்டும். பிற்காலத்தில் உணவுப் பெட்டிகள் வந்தபோதும் அவை பெரும்பாலும் வெள்ளைக்காரர்க்கும் உயர்வகுப்புக்காரர்க்கும் மேஜை விரிப்போடு பரிமாறின. மற்றவர்க்கு வடநாட்டு ஸ்டேஷன்களில் இந்துவுக்கு ஒரு தண்ணீர், முசல்மானுக்கு ஒரு தண்ணீர் என்று தனித்தனிப் பானைகள் இருந்தன. நம் பக்கத்துச் சிற்றுண்டிச் சாலைகளிலே பிராமணாள் என்றும் இதராள் என்றும் பலகை மாட்டி இடம் பிரித்திருந்தார்கள். ஒரே எஞ்சின் இழுக்க, ஒரே தண்டவாளத்தில், ஒரே கட்டணம் கொடுத்து வந்தவர்கள், இறங்கிச் சோறு உண்ணும் அரைமணி நேரத்துக்கு மட்டும் இரண்டு உலகங்களாகப் பிரிந்து அமர்ந்து, மீண்டும் ஒரே பெட்டியில் வந்து ஏறினார்கள். பெரியார் ஈ. வெ. ராமசாமி இடைவிடாது நடத்திய கண்டனத்தின் பயனாக 1941-ல் அந்தப் பிரிவினை ரயில்வே உணவு விடுதிகளிலிருந்து நீங்கிற்று. அவருடைய நாத்திகத்தை நான் ஏற்றவனல்லன். ஆனால் அன்று அவர் அகற்றியது ஒரு பலகை மட்டுமன்று, அன்னத்தின் மேல் படிந்திருந்த மெய்யான ஆசிரய தோஷம் என்று ஓர் ஆஸ்திகனாக இருந்துகொண்டே சொல்லுகிறேன்.

இங்கே என் உள்ளத்தை நெடுநாள் வருத்திய இன்னொரு முரண்பாட்டையும் சொல்ல வேண்டும். நம் தர்ம சாஸ்திரங்கள் சமைத்த அன்னத்தை விற்பதைப் பாவமாகக் கருதின. வழிப்போக்கனுக்குச் சோறிடுவது அரசனும் செல்வனும் ஆற்றவேண்டிய கடமை என்றிருந்ததால்தான் நாடெங்கும் சத்திரங்கள் எழுந்தன. மதுரை ஜங்ஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே நிற்கும் மங்கம்மாள் சத்திரம், 1689 முதல் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை மதுரையை ஆண்ட ராணியின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. சத்திரம் தானத்தின் வீடு. அதற்கு எதிரே உள்ள ரயிலடியோ சோற்றுக்கு விலை சொல்லும் இடம். இந்த இரண்டில் தர்மம் எந்தப் பக்கம் என்று கேட்டால், சத்திரத்தின் பக்கம்தான் என்று சிறுவயதில் தயங்காமல் சொல்லியிருப்பேன். ஆனால் பழைய சத்திரங்கள் பலவற்றில் பந்தி பிறப்பைப் பார்த்தே நடந்தது; சிலருக்கு இலை, சிலருக்குத் திண்ணை, சிலருக்கு வாசலுக்கு வெளியே. விலைச் சோறோ, பலகைகள் வீழ்ந்த பிறகு, காசைத் தவிர வேறெதையும் விசாரிக்கவில்லை. தானம் பேதம் பாராட்டிய இடத்தில் விற்பனை சமத்துவம் பாராட்டிய இந்தச் செய்தி, தானத்தை உயர்வாகப் போற்றி வந்த நமக்குத் தலைகுனிவைத் தரத்தான் வேண்டும்.

அதற்காகத் தானம் தோற்றுவிட்டது என்று நான் துணியமாட்டேன். அமிர்தசரஸிலிருந்து நாந்தேடு வரை செல்லும் சச்கண்ட் எக்ஸ்பிரஸில், வழியில் உள்ள பல ஸ்டேஷன்களில் சீக்கியப் பெருமக்கள் லங்கர் எனும் பொதுப்பந்தி உணவைக் கொண்டுவந்து விலையின்றி வழங்குவதைப் பல்லாண்டுகளாக நடத்திவருகிறார்கள். அறிந்த பிரயாணிகள் கையோடு பாத்திரம் கொண்டுவந்து, வண்டி நின்றதும் ஜன்னல் வழியே நீட்டுகிறார்கள். சீக்கியரா, இந்துவா, ஏழையா, குளிர்சாதனப் பெட்டிக்காரரா என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. பாத்திரம் ஏந்திய அந்தக் கைகளை நினைக்கும்போதெல்லாம் மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரன் என் நினைவுக்கு வருகிறான். மதுரையில் சிந்தாதேவி தந்த அமுதசுரபியைக் கொண்டு பசித்தோர் எல்லோர்க்கும் ஊட்டியவன், பாண்டிய நாடு மழையால் செழித்து யாசிப்போர் இல்லாமற்போகவே, பஞ்சமுற்ற சாவகத்துக்குக் கப்பல் ஏறினான். வழியில் இறங்கியவனை மணிபல்லவத்தில் விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. வற்றாத பாத்திரம் கையில் இருந்தும், உண்ண ஒருவரும் இல்லாத அத்தீவில் தனக்கு மட்டும் அதை வைத்து உயிர் வளர்க்க மனம் ஒப்பாமல், கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் நீத்தான். ஏற்பவன் இல்லாவிட்டால் கொடுப்பவனும் இல்லை என்பதை இதைவிடத் துயரமாக வேறெந்தக் காவியமும் எனக்குச் சொன்னதில்லை. உண்பவனும் அன்ன தர்மத்தில் ஒரு பங்காளி. அவன் வெறும் வாய் அல்லன்.

அந்தப் பங்காளிக்கு உரிய கடமை என்ன என்பதை எனக்குக் கற்பித்தது அன்றைய காசி வண்டியே. உண்ட தட்டைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில், அன்னம் வந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவலில் பேன்ட்ரி கார் வரை நடந்தேன். வெயிலில் தகித்த கூரைக்குக் கீழே, வண்டியின் ஆட்டத்துக்கு ஈடு கொடுத்துக் கால்களை அகட்டி நின்று, வயது முதிர்ந்த சமையற்காரர் ஒருவர் இடுப்புயரப் பாத்திரத்தில் இரவுக்கான பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். வெங்காய மூட்டைகளுக்கு இடையில் தரையில் துணி விரித்து இருவர் உறங்கிக்கொண்டிருந்தனர். எங்களுக்குத் தட்டுக் கொண்டுவந்த பையன், மணி நான்கை நெருங்கும் அவ்வேளையில், கதவோரம் நின்றபடி தன் முதல் கவளத்தை வாயில் வைத்தான்.

விருந்தினரும் குழந்தைகளும் நோயாளிகளும் உண்ட பிறகு மிஞ்சியதை உண்பவனே உத்தம கிருகஸ்தன் என்றும், அந்த மிச்சமே அமிர்தம் என்றும் ஸ்மிருதிகள் போற்றுகின்றன. தனக்கென்றே சமைத்து உண்பவனைக் கீதையின் மூன்றாம் அத்தியாயம் கண்டிக்கிறது. வீடும் மனையாளும் நூற்றுக்கணக்கான காதத்துக்கு அப்பால் இருக்க, ஆயிரம் அந்நியர்க்கு ஊட்டிவிட்டுக் கடைசியில் நின்றபடி உண்ணும் அந்தப் பையனை எந்தச் சாஸ்திரமும் கிருகஸ்தன் என்று எண்ணாமல் இருக்கலாம். அந்தத் தர்மத்தின் லட்சணம் முழுவதும் அவனிடம் இருந்தது. அவன் கை பட்டதால் அன்னத்துக்குத் தோஷம் உண்டு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. உறங்க இடமின்றி, ஓய்வின்றி, உரிய கூலியின்றி ஒருவனைக் கொண்டு சமைப்பித்த சோற்றில் தோஷம் ஒன்று உண்டென்றால், அது அவனைச் சார்ந்ததன்று. அப்படி அவனை நடத்துகிற முதலாளியையும், அதைக் கண்டும் விசாரியாமல் உண்டு கை கழுவுகிற என்னையும் சார்ந்தது. ஆசிரயம் என்ற சொல்லுக்கு இன்று கொள்ளவேண்டிய பொருள் இதுவே என்பது என் துணிபு.

பிறப்பின் பலகை போயிற்று. பணத்தின் பலகை இருக்கிறது. விரைவு வண்டியில் 80 ரூபாய் விலை வைத்த சைவச் சாப்பாடு, ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வாயில் சிலசமயம் மேலும் ஏறிவிடுவதையும், ரசீது கேட்டால் முகம் சுளிப்பதையும் நான் அனுபவித்திருக்கிறேன். இதைவிடப் பெரிய குறை, வண்டியின் முனைகளில் பொதுப்பெட்டிகளில் கால் வைக்க இடமின்றி நெருங்கி நிற்கும் ஏழைகளிடம் பேன்ட்ரித் தட்டு பெரும்பாலும் போய்ச் சேர்வதே இல்லை என்பது. மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளின் துயரத்தைப் பற்றி 1917-ல் எழுதிய காந்தியடிகள், அவர்களுக்கு ஸ்டேஷன்களில் விற்கப்பட்ட தேநீரின் அசுத்தத்தையும் தின்பண்டங்களின் கேட்டையும் தாமே உடன் பயணித்துக் கண்டு சொன்னார். 2023-ல் பொதுப்பெட்டிகள் வந்து நிற்கும் இடத்துக்கு நேராகவே பிளாட்பாரத்தில் கடை வைத்து, ஏழு பூரியும் கிழங்கும் ஊறுகாயும் 20 ரூபாய்க்கு விற்க ரயில்வே ஏற்பாடு செய்ததை, மிகத் தாமதமாக வந்ததாயினும், சத்திர தர்மத்தின் ஒரு மெல்லிய இழை என்றே மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்கிறேன்.

அதே 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் தேதி விடியற்காலையில், எங்களுக்கெல்லாம் பெரிய ரயிலடியாகிய மதுரையில், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த யாத்திரிகர்களின் தனிப்பெட்டியில் மறைத்துக் கொண்டுவரப்பட்ட எரிவாயு சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் மாண்டனர். நாங்கள் காசிக்குப் போனது போல அவர்கள் இராமேசுவரத்துக்குப் போக வந்தவர்கள். ஆசாரத்தாலா, பழக்கத்தாலா, சிக்கனத்தாலா அடுப்பு அவர்களோடு வந்தது என்று ஆராய்வது இறந்தோர்க்கு மரியாதை ஆகாது. நம் வீட்டு அடுப்பே நம்மைப் பின்தொடர்ந்து வரவேண்டும் என்ற ஆசை என் தாயாரின் தூக்குவாளியிலும் இருந்ததை நினைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

அந்தப் பயணத்தின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். இடார்சியைக் கடந்த இரவில், எதிர் இருக்கைக் குடும்பத்தின் கைக்குழந்தை ஜுரத்தில் நா வறண்டு அழுதது; அவர்களிடம் தண்ணீர் தீர்ந்திருந்தது; வண்டி எங்கோ வெட்டவெளியில் நின்றிருந்தது. அவர்கள் பேசியது இந்தி. என் தாயாருக்குத் தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது. அவர் எழுந்து கூஜாவின் மூடியில் சுருளி நீரை ஊற்றி, குழந்தையின் வாயில் சிறிது சிறிதாகப் புகட்டினார். நீர் தீரும் வரை அந்த இரவில் நாலைந்து முறை புகட்டினார். மறுநாள் காலை ஜபல்பூருக்கு அப்பால் ஒரு ஸ்டேஷன் குழாயில் என்னைக் கொண்டு அதே கூஜாவை நிரப்பச் சொல்லி, ஒரு வார்த்தையும் பேசாமல் குடித்தார். காசியில் காரியங்கள் முடிந்து புறப்பட்ட அன்று, தங்கியிருந்த சத்திரத்தில் வழிக்குப் புளியோதரை கட்டித் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம், வண்டியில் சோறு கொடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்.